பெட்டகத்துக்குள் போன ஃபைல்

ஃபைல் பெட்டகத்துக்குள் இருக்கிறது. பெட்டகத்தைத் திறக்கும் முறை அந்த ஃபைலுக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை முதலாளி ராயப்பராஜுக்கு இந்தச் சங்கதி உறைத்தபோது, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பூட்டியது அவரேதான். “ஊருக்குப் போறேன் சார், ஃபைலை உள்ள வச்சுப் பூட்டிருங்க” என்று முந்தின நாள் சாயங்காலம் முஹ்சினா சொன்னாள். இவரும் புதுப் பெட்டகத்தில் வைக்கிற முதல் பொருளாயிற்றே என்று சிலுவை போட்டுப் பூட்டினார்.

முஹ்சினா பாலிடெக்னிக் முடித்து அவருடைய பட்டறைக்கு வந்து எட்டு மாதம். “புதுச் சாமானை முதல்ல தாள்லதான் சார் செய்யணும்” என்று இந்தப் பெட்டகத்துக்காகத் தொண்ணூறு பக்க ஃபைல் எழுதிக் கொடுத்தாள். எந்தக் கிழமை எந்த வேலை, தப்பு வந்தால் என்ன செய்வது, அதிலும் தப்பு வந்தால் என்ன செய்வது என்று கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு! ராயப்பராஜ் அதுவரை பீரோ செய்ததெல்லாம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுத்தான். பக்கத்துக்குப் பக்கம் “அடேயப்பா!” என்றார், அடேயப்பா சொன்ன கையோடு கையெழுத்தும் போட்டார். படித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவன் கல்லையா எண்ணுவான்?

திங்கட்கிழமை ஒட்டன்சத்திரத்து நகைக்கடை சேக் பரீது வருகிறார். திறந்து மூடிப் பார்த்துப் பிடித்தால் எட்டுப் பெட்டகம் வாங்குவார். இல்லாவிட்டால் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார். வெளியூர் பீரோ வந்து இறங்கிய பிறகு பட்டறையில் வேலையே இல்லை. இந்த ஆர்டரும் போனால் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

“கார்பன் காப்பி இருக்குமே?” என்றார், டைப் அடிக்கும் அல்போன்சாவிடம்.

“அதுவும் உள்ளதான் முதலாளி. எல்லாத் தாளும் ஒரே இடத்துல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீக?”

நாகூரில் முஹ்சினாவின் உறவினர் வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டார். மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

சாவி இரண்டு. எதை முதலில், எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் திருப்பினால் எல்லாத் தாழும் ஒன்றாக விலகும். தப்பினால் உள்ளே இன்னொரு தாழ் விழும்.

ராயப்பராஜ் குத்துமதிப்பாகத் திருப்பினார். ‘டக்.’

“தள்ளுங்க முதலாளி, நம்ம கையால செஞ்சது நமக்கா திறக்காது?” என்று மூத்த கொல்லர் முத்துச்சாமி வந்தார். ‘டக்.’

சனிக்கிழமை பேகம்பூரிலிருந்து அப்துல் ஹக்கீமை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் காது வைத்துக் கேட்டால் எந்தப் பூட்டும் வாயைத் திறந்துவிடும் என்று ஊரில் பேச்சு. செத்த நேரம் காதை வைத்தார், திருப்பினார். ‘டக்’, ‘டக்’. எழுந்து நின்று பெட்டகத்துக்கு ஒரு சலாம் வைத்தார்.

“முப்பது வருசத்துல இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல அண்ணே. யாரு செஞ்சது?”

“நாங்கதான்” என்றார் ராயப்பராஜ். அழுகை வந்தது. கூடவே, பாழாய்ப்போன பெருமையும் வந்தது.

துளை போட்டார்கள், மூன்று பிட் முறிந்தது. எட்டுப் பேராகக் குப்புறக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். ஐந்தாம் தாழும் விழுந்தது.

“கேஸ் வச்சு அறுத்துருவமா?” என்றார் முத்துச்சாமி.

“அறுத்துட்டு? பரீது பாய்க்கிட்ட ஓட்டையவா காட்டுறது?”

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் ஒரு வேண்டுதலும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பீடத்தைப் பார்த்தால்கூடப் பெட்டகமாகவே தெரிந்தது. மத்தியானம் வந்து சம்மட்டியால் அடித்தார். பெயின்ட் மட்டும் உதிர்ந்தது.

திங்கட்கிழமை காலை சேக் பரீது வந்தார். முறிந்த பிட்டுகளைப் பார்த்தார். ராயப்பராஜின் தாடி மண்டிய முகத்தையும் பார்த்தார்.

“என்ன அண்ணே, கோலம்?”

பொய் சொல்லலாம்தான். ஆறு குடும்பத்துக்காகச் சொல்லவும் வேண்டும், ஆனால் முறிந்த பிட்டுகள் கண்முன்னே கிடக்கும்போது எந்தப் பொய் நிற்கும்?

“திறக்க முடியல பாய். மூணு நாளா ஆன மட்டும் பாத்துட்டோம். நீங்க கோயம்புத்தூரே போயிருங்க.”

அப்போது அல்போன்சா டைப் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். மேசையிலிருந்த சாவிகளை எடுத்தாள். இதில் ஒரு திருப்பு, அதில் இரண்டு, மறுபடி இதில் ஒன்று. அத்தனை தாழும் ஒன்றாக விலக, கதவு சத்தமில்லாமல் திறந்தது. முத்துச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏத்தா! தெரிஞ்சுக்கிட்டா மூணு நாளா சும்மா உக்காந்திருந்த? நீயெல்லாம் ஒரு மனுசியா?” ராயப்பராஜ் தொண்டை கிழியக் கத்தினார்.

அல்போன்சா ஃபைலை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, சேக் பரீதுக்கும் கேட்கும்படி நிதானமாக வாசித்தாள்:

“நாப்பத்தோராவது படி, முதலாளி, உறுதிச் சோதனை: ‘திறக்கும் முறையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, முதலாளியும் ஆட்களும் மூன்று நாள் முட்டிப் பார்க்க வேண்டும், நான்காம் நாள், வாங்க வருபவர் முன்னிலையில் அல்போன்சா திறக்க வேண்டும், அதுவரை அவள் வாயைத் திறக்கக் கூடாது.’ கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு.”