கொடிக்காரர் அடைகாத்த புட்டி

தொப்புள்கொடி கேட்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்த படித்த மனிதர் உலகத்திலேயே எங்கள் கொடிக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் வில்லியனூரில் என் பக்கத்து அறையில் குடியிருந்தார். ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களைக் கொடியிலிருந்து எடுத்து, புட்டியில் சாகாமல் வளர்க்க வேண்டும். அது கைகூடினால் மாரடைப்பு எப்படி வருகிறதென்று மனிதனை அறுக்காமலே பார்த்துவிடலாம் என்பார். வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இதற்கு இடம் தரவில்லை. அங்கே ஒதுக்கிப்போட்ட மைக்ராஸ்கோப்பைக் கெஞ்சி வாங்கிவந்தார். ஒரு பலகைப் பெட்டி, உள்ளே குண்டு பல்பு: இன்குபேட்டர் தயார். கரியமில வாயு வேண்டுமென்று புட்டிகளோடு ஒரு மெழுகுவத்தியையும் ஏற்றி டப்பாவில் மூடுவார். மாதாகோயிலுக்குப் போகிற வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, முக்காடு போட்டு முழந்தாளிட்டார்.

அவர் கொடி கேட்டுப் போகிற பாகூர்ப் பக்கம் அதை மண்ணில் புதைப்பார்கள். நாய் இழுத்தால் பிள்ளைக்கு ஆகாது. அதனால் செல்லை எடுத்ததும் கொடியைத் திருப்பிக் கொண்டுவந்து தானே புதைப்பதாகச் சத்தியம் செய்துதான் வாங்குவார். பிளாஸ்க்கும் கடப்பாரையுமாக பஸ் ஏறுவார்.

"இன்னா சார், புதையல் எடுக்கவா?" என்பார் கண்டக்டர்.

"இல்லப்பா, திருப்பி வெக்கப் போறேன்."

எல்லாப் புட்டியும் சில வாரங்களில் செத்துப்போயின. கரையாம்புத்தூர் அஞ்சலைக்குப் பிறந்த பிள்ளையின் செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. "இதுதான்பா நிக்கப்போற வம்சம்" என்று குதித்தார். பிள்ளைதான் நிற்கவில்லை. பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது.

கொடியைப் புதைக்கப் போன மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உம் புள்ளயோட செல்லு எங்கிட்ட உசுரோட இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அஞ்சலை வந்து நின்றாள். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"அதுக்குப் பசிக்குமா சார்?"

"நான் ஊட்டறேம்மா. புட்டிமேல பேர் எழுதணும். இன்னா எழுதட்டும்?"

"பேரு வெக்கறதுக்குள்ள போய்ட்டானே..." கொஞ்சம் யோசித்தாள். "ஆறுமுகம்னு எழுதுங்க."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஐப்பசிப் புயலில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. பல்பு இல்லாமல் பெட்டி குளிர்ந்துவிடும். செல்லுக்கு வேண்டியது உடம்புச் சூடுதானாம். கொடிக்காரர் புட்டியை வயிற்றோடு வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடைகாக்கிற கோழியாவது எழுந்து இரை பொறுக்கும். இவருக்கு நான்தான் கஞ்சி கொண்டுபோனேன்.

"சார், இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஜுரம் கண்டிருந்தது.

"சூடு கூடிப் போச்சுன்னா செத்துடும்பா. நீ கட்டிக்கோ" என்று அவிழ்த்து என் வயிற்றில் கட்டிவிட்டார். ஈரச் சட்டைக்கு உள்ளே ஆறுமுகத்தைச் சுமந்துகொண்டு, தும்மக்கூடப் பயந்து கிடந்தேன்.

கரண்ட் வந்ததும் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் செத்துக் கழன்று மிதந்தன.

"கழுவி ஊத்திடலாம் சார்" என்றேன்.

"ஊத்தறதா? சாவுக்குச் சொல்ல வேணாமா?"

குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, கடப்பாரையோடு கிளம்பினார். கரையாம்புத்தூரில் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஜுரத்தோடு தானே குழி தோண்டினார். "என்னால காப்பாத்த முடியலம்மா" என்றார்.

அஞ்சலை புட்டியின் மேலிருந்த பெயரைத் தடவினாள். "மூணு நாள்ல போனவன இத்தினி மாசம் வெச்சிருந்தீங்களே சார்" என்றாள். அத்தனை பெரிய மனிதர் மண்ணில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

இப்போதும் கரண்ட் போனால் வீட்டில் எல்லாரும் விசிறியைத் தேடுகிறார்கள். என் கை மட்டும் தானாக வயிற்றுக்குப் போகிறது.