வெள்ளியாறு ஓடும் திசை

வரைபடம் எதிலும் அகப்படாத ஏழுமடை நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய அமைச்சர்களை மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்நாட்டின் வெள்ளியாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடியது. மேற்கே நான்கு பெரிய தோல் ஆலைகள். கிழக்குக் கோடியில் வேலாத்தாளின் சிறிய சாயப்பட்டறை. அதில் எட்டுப் பேர் வேலை செய்தார்கள்.

ஆலைக் கழிவு கலந்த தண்ணீரில் எந்த நூலை முக்கினாலும் சேற்று நிறத்தில் வெளியே வந்தது. நூலை முக்கி எடுத்தவர்களின் கைகள் வெடித்துப் புண்ணாயின. வேலாத்தாள் அரண்மனைக்கு மனு எழுதினாள்.

அரசு உடனே செயலில் இறங்கியது. ஆலைப் புகைபோக்கிகள் அனைத்துக்கும் பச்சை வர்ணம் பூச ஆணை பிறந்தது. தூரிகை கழுவிய தண்ணீரும் ஆற்றுக்கே போனது. அவள் மறுபடி எழுதினாள். தொழிலும் சுற்றுச்சூழலும் கைகோத்து நடக்க வேண்டும் என்று அறிவித்து, இரு துறைகளையும் புகழேந்திவர்மர் என்ற ஒரே அமைச்சரிடம் ஒப்படைத்தார்கள். காலையில் அவர் தொழில் அமைச்சர். புது ஆலைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவார். மாலையில் அவரே சுற்றுச்சூழல் அமைச்சர். எழுதியவர் நம்பிக்கைக்குரியவர் என்பதால் அனுமதி தருவார். ஓராண்டில் நான்கு ஆலைகள் ஒன்பதாயின. பட்டறைக் கிணற்றில் நுரை வந்தது. எட்டுப் பேரில் மூவர் ஊரைவிட்டே போனார்கள்.

இந்த முறை வேலாத்தாள் நேரிலேயே போனாள்.

"ஆலைகளை மூடச் சொல்கிறீர்களா? அது வளர்ச்சிக்கு விரோதம் அம்மா," என்றார் அமைச்சர்.

"மூட வேண்டாங்க. நானும் பட்டறை வெச்சிருக்கறவதான். ஒரே ஒரு சட்டம் போடுங்க. யாரா இருந்தாலும், தன் கழிவு ஆத்துல விழற இடத்துக்குக் கீழ இருந்துதான் தனக்குத் தண்ணி எடுக்கணும். நான் என் குழாயை மாத்திட்டேன். மாத்தின பொறவுதான் வடிகட்டித் தொட்டி கட்டணும்னு எனக்கே புத்தி வந்துச்சு."

குழாயை இடம் மாற்றுவதுதானே என்று அமைச்சருக்குப் பட்டது. பசுமை விழாவில் அறிவிக்க ஏதாவது தேவையாகவும் இருந்தது. கைதட்டலுக்கிடையே சட்டம் நிறைவேறியது. மறுநாள்தான் ஆலை முதலாளிகள் அதைப் படித்துப் பார்த்தார்கள்.

அந்த வாரமே இன்னொரு ஆணை வந்தது: 'கீழே என்பது எந்தப் பக்கம் என்பதில் கருத்து வேறுபாடு நிலவுவதால், வெள்ளியாறு ஓடும் திசையைக் கண்டறிய அமைச்சர் தலைமையில் உயர்நிலைக் குழு அமைக்கப்படுகிறது. அதுவரை சட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது.'

குழு ஆற்றங்கரையில் பந்தல் போட்டு ஐந்து மாதம் ஆராய்ந்தது. மேலும் இருவர் பட்டறையை விட்டுப் போன அன்று, வேலாத்தாளுக்கு அழுகை வரவில்லை. ஒரு தேங்காய் மட்டையை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தாள். குழுவின் கண்முன்னே அதை ஆற்றில் போட்டாள். அது ஆடி அசைந்து கிழக்கே போனது.

"ஒரே ஒரு மட்டையின் கருத்தை வைத்து அரசு முடிவெடுக்க முடியாது," என்றார் அமைச்சர்.

"எத்தனை மட்டை வேணுங்க?"

"பரவலான ஆதரவு தெரிய வேண்டும்."

வேலாத்தாள் ஒன்பது நாள் கீழ்க்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பத்தாம் நாள் காலை இரு கரையிலும் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு மட்டையை ஆற்றில் போட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் என்று எண்ணிய குழுவின் குமாஸ்தா, ஒன்றுகூட மேற்கே போகவில்லை என்று எழுதிக்கொண்டார்.

அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மட்டைக்கெல்லாம் ஓட்டுரிமை கிடையாது அம்மா."

"மட்டைக்கு இல்லைங்க. போட்டவங்களுக்கு இருக்கு."

அமைச்சர் நிமிர்ந்து கரையை ஒருமுறை பார்த்தார். தேர்தலுக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. வெள்ளியாறு கிழக்கே ஓடுவதாக அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது.