ஆத்துப்பாலத்தில் ஹாலந்து

பஸ் உக்கடத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் முஜீபுக்கு உறைத்தது. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மகள் அஃப்ராவிடம் சொல்லவே இல்லை!

பத்து வயதுப் பெண்ணைப் போத்தனூர் மாமி வீட்டுக்குத் தனியாக அனுப்பும் யோசனையே அவருடையதுதான். அவரிடம் போர்வை வாங்க ஹாலந்திலிருந்து வந்த டச்சுக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் தனியாகவே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும், பெற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாற்பது வயது மனிதர் தரையில் நிற்கவில்லை.

"இனி நம்ம ஊட்லயும் ஹாலந்து முறைதான்!" என்று அறிவித்தார். "தனியாப் போத்தனூர் போய்ச் சேரு கண்ணு. நாளைக்கே சைக்கிள் வாங்கித் தாரேன்."

"நடுவுல ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் அவ வாசப்படி தாண்ட மாட்டா, பாத்துக்குங்க," என்றாள் மனைவி ரம்ஜான் பீவி.

அஃப்ரா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க பின்னாடி வரக் கூடாதுங்க அத்தா. வாக்குக் குடுங்க."

கொடுத்தார். கொடுத்த சூடு ஆறுவதற்குள் ஸ்கூட்டரை உதைத்தார். முகம் தெரியாமலிருக்க, ஊரில் ஒருத்தரும் போடாத ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார்.

கரும்புக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பின்படியில் நின்ற கண்டக்டர் பிரான்சிஸிடம் கிசுகிசுத்தார்.

"ஏனுங்க, ஜன்னலோரம் பச்சை ரிப்பன் கட்டின பொண்ணு இருக்குதுங்களே, அதைப் பத்திரமாப் போத்தனூர்ல எறக்கி உட்டுருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பிரான்சிஸ் ஹெல்மெட்டை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"அதை இப்பச் சொல்ல முடியாதுங்க!"

ஆத்துப்பாலம் வருவதற்குள் பஸ் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பஸ் நின்றதும் பாதிப் பேர் இறங்கி ஸ்கூட்டரை வளைத்துக்கொண்டார்கள். டீக்கடை நஞ்சுண்டன் ஓடி வந்து சாவியைப் பிடுங்கினார்.

"பச்சப் புள்ளை பின்னாடி எதுக்குங்க வாரீங்க? மூஞ்சியைக் காட்டுங்க!"

முஜீப் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான் அவளோட அத்தாவுங்க!"

"அப்படீங்களா?" பிரான்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அம்மணி, இவரு உங்க அத்தாவுங்களா?"

அஃப்ரா எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முஜீப் கண்ணாலேயே கெஞ்சினார்.

"எங்க அத்தா பின்னாடி வர மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்காருங்க," என்றாள் கணீரென்று. "அவரு வாக்குத் தப்ப மாட்டாருங்க. நேரமாச்சு, போலாமுங்களா? போத்தனூர் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டாப்புல நான் எறங்கோணும்."

முஜீபுக்குப் புல்லரித்தது. என்ன தைரியம்! ஸ்டாப் கூடத் தெரிந்து வைத்திருக்கிறாளே! தர்ம அடி விழும் என்ற பயத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது. "பாத்தீங்களா எம் பொண்ணை!" என்று கூவினார். பஸ் போய்விட்டது.

"உக்காருங்க," என்று நஞ்சுண்டன் அவரை பெஞ்சில் அழுத்தினார். "டீ சாப்பிடுங்க. போலீஸ் இப்ப வந்துருமுங்க."

இரண்டு பேர் ஆளுக்கொரு கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டதால் மூன்றாமவர் டீயை ஊட்ட வேண்டியதாயிற்று.

"ஹாலந்துல எல்லாம் இப்படித்தானுங்க..." என்று முஜீப் விளக்கப் பார்த்தார்.

"ஓ, அங்கயும் போய் இதே வேலைதான் செஞ்சுபோட்டு வந்தீங்களா?"

அப்போது ஓரமாக ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் கந்தப்பன் இறங்கி வந்தார். "அவரை உட்டுருங்க. நல்ல மனுசனுங்க."

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார் நஞ்சுண்டன்.

கந்தப்பன் ஆட்டோவின் பின்சீட்டைக் காட்டினார். "உள்ள உக்காந்திருக்கறவரு இவரோட அத்தாவுங்க. பையன் தனியாக் கெளம்பிட்டான், பின்னாடியே போங்கன்னு உக்கடத்துல ஏறுனவருங்க."