ஜன்னல் கம்பியை விட்ட கதை

எனக்குப் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் என் மகள் செல்வியின் கைகள் பேசுவதை, அவள் எதிர்ச்சரிவுக் கொல்லையில் நின்றாலும் சரளமாகப் படித்துவிடுவேன். (எங்கள் மலையில் வேறு யாருக்கும் வராத படிப்பு.) அந்தப் படிப்புதான் ஒருநாள் செங்கத்தில் என் மானத்தை வாங்கியது.

செல்விக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வயது இருபத்தெட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் ஓர் அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணமங்கலம் பக்கம் தையல் கம்பெனியில் வேலை. அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும். அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. அதனால் செங்கத்திலிருந்த அந்த அலுவலகத்துக்கு நானும் கூடவே பஸ் ஏறினேன்.

அங்கிருந்த கோமதி மேடம், போக இஷ்டமா என்று செல்வியிடம் சைகையிலேயே கேட்டார். (ஏதோ நாலு சைகை பழகி வைத்திருக்கிறார் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.) செல்வியின் கைகள் படபடவென்று ரொம்ப நேரம் பேசின. யாரும் கேட்காமலே நான் மொழிபெயர்த்தேன்.

"வாணான்றா."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஏம்மா, அவ்ளோ நேரம் சொன்னாங்க. ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்களே?"

"நாங்க சுருக்கமாத்தான் பேசுவோம் மேடம்."

"கொஞ்சம் வெளிய இருங்கமா. அவங்ககிட்ட தனியா பேசணும்."

"பெத்தவளுக்குத் தெரியாம இன்னா பேச்சு?"

"அவங்க வேல, அவங்க முடிவு. அவங்க சொல்றத அவங்களக் கேக்காம யார்கிட்டயும் சொல்லக் கூடாதுமா. உங்ககிட்டயும்தான்."

கதவைச் சாத்திவிட்டார். காதால் கேட்கிற பேச்சாக இருந்தால் அல்லவா கதவு தடுக்கும்? கட்டடத்தைச் சுற்றிப் போனேன். ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செல்வியின் கைகள் பளிச்சென்று தெரிந்தன.

'வேலைக்குப் போக எனக்கு ஆசை. அம்மாவை நினைத்தால்தான் யோசனை. வெளியில்தான் கரடி மாதிரி உறுமும். நான் இல்லாவிட்டால் தனியாக இருக்கப் பயந்து நடுங்கும்.'

எனக்கு வந்ததே ஆத்திரம்! "யாருக்குடி பயம்? எனக்கா? நாளைக்கே போடி! நான் ஒண்டியா இருந்து காட்றேன்!"

கத்தி என்ன பயன்? அவளுக்குக் கேட்காதே. அதனால் கையாலும் சொன்னேன். இரண்டு கையாலும் சொன்னேன். 'போ' என்று வீசியபோதுதான் கம்பியை விட்டது உறைத்தது. அதற்குள் நான் சேற்றில் கிடந்தேன்.

மேடம் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார். அடிபட்டதா என்று பார்த்தார். பிறகு பின்னாலேயே ஓடி வந்த செல்வி பக்கம் திரும்பி, சைகையில் 'ஜன்னலைச் சாத்தாமல் உங்களைப் பேச வைத்தது என் தப்பு, மன்னியுங்கள்' என்றார். (விழுந்தது நான். மன்னிப்பு அவளுக்கு!) அதோடு, 'அம்மா சொன்னதற்காகப் போக வேண்டாம். உங்களுக்கு இஷ்டமா?' என்று மறுபடியும் கேட்டார்.

செல்வி ஒரே அசைவில் பதில் சொன்னாள். போகிறாளாம். அதை இன்னும் சுருக்க எனக்கு வழியில்லை.

போனாள். இப்போது அவள் கையில் சம்பளம், முகத்தில் தெளிவு. நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று 'பயந்து நடுங்கும்' என்று சொன்னாளாம். பிறகு ஒருநாள் சாவகாசமாகச் சொல்லிச் சிரித்தாள்.

முன்பெல்லாம் 'அம்மா' என்பதற்கு மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுவாள். இப்போது வீடியோ காலில் என் முகம் தெரிந்ததும், ஹாஸ்டல் பெண்கள் அத்தனை பேரும் இரண்டு கையாலும் கம்பி பிடிக்கிறார்கள்; படக்கென்று விடுகிறார்கள். அதுதான் அங்கே என் பெயர்.