இசைத்தட்டுப் பெட்டிக்கு ஒரு வரிசை

ஒருவரைப் பல வருடங்கள் உயிருக்குயிராக ரசிப்பதற்கும், அவர் எதிரில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரிவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை நான் சிட்னி நகரத்தில், ஓர் இசைத்தட்டுக் கடையின் வாசலில், பல் கிட்டிக்கும் குளிரில் நின்றபடி தெரிந்துகொண்டேன்.

திருச்சியில் கல்லூரி படிக்கும்போது அறை நண்பனின் கேசட் வழியாக எனக்கு அறிமுகமானது அந்த பிரிட்டிஷ் ராக் குழு. பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் மற்ற ரசிகர்கள் என்னைத் தேடி வந்து உதைப்பார்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.) குழுவில் நான்கு பேர். என் தெய்வம் ட்ரம்மர். அவரைக் கேட்ட நாள் முதல் விடுதிச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து அலுவலகக் கீபோர்டு வரை நான் தட்டாத பொருள் இல்லை. சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தோள்வரை முடி தொங்க அந்த நால்வரும் சட்டத்துக்குள் நிற்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் படத்தைப் பார்த்த என் மனைவி சுகந்தி, "உந்த நாலு பேருக்கும் தலைமயிர் வெட்ட நேரம் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, மருத்துவமனையில் நர்ஸ். எதிலும் சுத்தம் பார்ப்பவள்.

போன வருடம் ஒரு நாள், வேலை முடிந்து ரயிலில் வரும்போது போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். அரை நூற்றாண்டைத் தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கும் என் குழு, தன் மொத்த வாழ்க்கையையும் ஒரே பெட்டியில் போட்டு வெளியிடுகிறது. முதல் இசைத்தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை, இதுவரை யாரும் கேட்காத ஒலிப்பதிவுகள், கூடவே தலையணை கனத்தில் ஒரு புகைப்படப் புத்தகம். அதோடு விடவில்லை. ட்ரம்மர் அப்போது ஆஸ்திரேலியாவில் இருப்பாராம். நகரத்தில் உள்ள ஒரு கடைக்குச் சனிக்கிழமை வந்து, பெட்டி வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடுவாராம்.

நான் துள்ளி எழுந்து நின்றுவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரர் தான் இறங்க வேண்டிய லிட்கம் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நினைத்து அவரும் எழுந்து கதவுக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். "உங்களைத் தனிய விட்டா சாப்பிட மாட்டியள்" என்று சுகந்தியும் ஒரு டப்பா நிறையக் கடலை வடையோடு வந்தாள். கடை வாசலில் நாங்கள்தான் முதல் ஆள். கதவின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வெயில் ஏற ஏற வரிசை நீண்டு தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது. எனக்குப் பின்னால் ஊதா முடியோடு ஒரு பெண் நின்றாள். பாவம், ட்ரம்மரைப் பற்றி அவளுக்கு ஒரு முழு வகுப்பே எடுத்துவிட்டேன். யாரும் கேட்காமலே வரிசையின் மேற்பார்வையாளராகவும் ஆகியிருந்தேன். (முதல் ஆளாக நிற்பதில் அப்படி ஒரு போதை இருக்கிறது.)

அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார். கம்பளித் தொப்பி, மூக்குவரை மஃப்ளர், தடித்த கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. வரிசையை ஒரு பார்வை பார்த்தார். நேராக வந்து கதவைத் தள்ளினார்.

"வரிசை அந்தப் பக்கம், மேட்" என்றேன், முன்பின் தெரியாதவரையும் ஆஸ்திரேலியர்கள் நண்பா என்று கூப்பிடும் பாணியில்.

"நான் உள்ளே போக வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில், மிகப் பணிவாக.

"எல்லாரும்தான் போக வேண்டும்."

"இல்லை, நான் கையெழுத்து விஷயமாக வந்திருக்கிறேன்."

"நாங்கள் என்ன, பால் வாங்கவா நிற்கிறோம்?"

ஊதா முடிப் பெண் சிரித்தாள். எனக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. கிழவர் என் பக்கம் திரும்பினார். "இந்தக் குழுவை உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ட்ரம்மருக்காகத்தான் வந்திருக்கிறேன். அவருடைய ஒவ்வோர் அடியும் எனக்கு மனப்பாடம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கடைசி ஆல்பத்தில் கை ஓய்ந்துவிட்டது. தூக்கத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது."

"முழங்கை வலியாக இருந்திருக்கலாம்."

"ரசிகனுக்கு முழங்கையைப் பற்றி என்ன கவலை?" என்றேன்.

அவர் யோசித்துத் தலையாட்டினார். "நியாயம்தான்" என்றார். (பிரிட்டிஷ்காரரிடம் வரிசை என்று சொன்னால் அதற்குமேல் வாதாட மாட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

சுகந்திக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், வயசு போன மனுசன்" என்று டப்பாவைத் திறந்து ஒரு வடையை நீட்டினாள். அவர் மஃப்ளரை மோவாய்க்குக் கீழே இறக்கி, ஒரு கடி கடித்து, காரத்தில் கண் கலங்கி, அவளுக்கு நன்றி சொன்னார். பிறகு மஃப்ளரை ஏற்றிக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு மெல்ல நடந்துபோனார். பின்னால் நின்ற சிலர் எனக்குக் கை தட்டினார்கள். அவ்வளவு பெருமையாக நான் என் வாழ்க்கையில் நின்றதே இல்லை.

"இவரை எங்கயோ பார்த்தனான்" என்றாள் சுகந்தி.

"ஆஸ்பத்திரில பாத்திருப்பே."

கடை திறக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. கதவு திறக்கவில்லை. கடைசியில் மேனேஜர் அம்மா காதில் போனோடு வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ட்ரம்மர் ஹோட்டலிலிருந்து நடந்தே வருவதாகச் சொல்லிக் கிளம்பினாராம். இன்னும் வந்து சேரவில்லையாம். போனும் எடுக்கவில்லையாம்.

வயதானவர், புது ஊர், வழியில் ஏதாவது ஆகியிருந்தால்? போலீசுக்குச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவை நானே அவசரப்படுத்தினேன்.

சுகந்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ. வீட்டில நான் கிழமைக்குக் கிழமை தூசி துடைக்கிற படத்தில, வலது பக்கம் நிக்கிறவருக்கு நாடியில ஒரு குழி இருக்கெல்லோ?"

"ஆமா. அவர்தான் ட்ரம்மர். இப்ப எதுக்கு அது?"

"வடை சாப்பிட்டவருக்கும் இருந்தது."

அதன் பிறகு நான் ஓடிய ஓட்டத்தை இன்றுவரை மீண்டும் ஓடியதில்லை. தெருமுனை திரும்பி, ரொட்டிக்கடையைத் தாண்டி, வரிசையின் வாலுக்குப் போனேன். என் தெய்வம் சுவரில் சாய்ந்து, விரல் நுனியில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் காற்றில் பறந்துவிட்டது. "சார், வாங்க சார், உள்ள போலாம் சார்" என்று தமிழிலேயே கெஞ்சினேன்.

மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "என் முறை இன்னும் வரவில்லையே" என்றார்.

அவருடைய துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை அழைத்துவந்தேன். வழியில் நின்ற ஒவ்வொருவரிடமும் தொப்பியைத் தூக்கி, "இவர் அனுமதி கொடுத்துவிட்டார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெரு முழுக்கச் சிரித்தது. சற்று முன்பு எனக்குக் கை தட்டியவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

வாசலில் என் இடத்தில் ஊதா முடிப் பெண் நின்றாள். சுகந்தியும் இடத்தை விட்டு என் பின்னாலேயே ஓடி வந்துவிட்டிருந்தாள். அந்தப் பெண் மிகப் பணிவாக, நான் பேசிய அதே தொனியில், "வரிசை அந்தப் பக்கம், மேட்" என்றாள்.

வாலுக்குப் போனோம். வரிசை நகர நகர, பெரிய கறுப்புப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் மேசையை எட்டியபோது பெட்டிகள் தீர்ந்துவிட்டன என்றார் மேனேஜர். சுகந்தி என் முதுகில் கை வைத்தாள்.

ட்ரம்மர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். தன் காலுக்கடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். மூடியில் வெள்ளிப் பேனாவால் நிதானமாக எழுதி என் பக்கம் திருப்பினார். 'வரிசையைக் காத்தவருக்கு. முழங்கை இப்போது தேவலாம்.' கீழே கையெழுத்து. பிறகு சுகந்தியைப் பார்த்து, வடை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். டப்பாவையே கொடுத்துவிட்டு வந்தாள்.

பெட்டி இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கதையை நான் சொல்லத் தொடங்குவதற்குள் சுகந்தி சொல்லி முடித்துவிடுகிறாள். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் யாராவது என்னைப் பார்த்து, "நான் வரிசையில வரலாமோ, அனுமதி உண்டோ?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தொப்பி போட்ட எந்தக் கிழவரைக் கண்டாலும் இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பஸ்ஸோ பேங்கோ, ஒதுங்கி நின்று வழி விட்டுவிடுகிறேன். போன வாரம் மீன் கடையில் அப்படி ஒருவரை முன்னால் விட்டேன். பின்னாலேயே இன்னொருவர் வந்தார், அவரையும் விட்டேன். கடைசி விளைமீனை வாங்கிக்கொண்டு அவர் போனபோது, சுகந்தி வெறும் பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அவர் ட்ரம்மர் இல்லையப்பா" என்றாள். "அவர் மீன் வாங்க வந்தவர்."