தேனீ சாரின் தொப்பி

ஒரே ஒரு இங்கிலீஷ் சொலவடையை வைத்துக்கொண்டு ஊரையே ஓடவைத்த மனிதர் உலகத்தில் எங்கள் தேனீ சார் ஒருவர்தான். 2005 வாக்கில் மரக்காணத்தில் ஓர் உப்பு கம்பெனியில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. உப்பு லாரிகளுக்கு பில் போடுவது வேலை.

ஒரே நினைப்பு ஒருவனைப் பிடித்து ஆட்டினால், அவன் தொப்பிக்குள் தேனீ புகுந்துவிட்டது என்பானாம் இங்கிலீஷ்காரன். இதை எங்கோ படித்த அன்றே மனிதர் காலி. ஆதியில் தலைக்குள் தேனீ என்றுதான் சொன்னார்களாம், தொப்பி பிற்பாடு வந்ததாம். ஏன் வந்தது? லாரி டிரைவரைக் கேட்பார், டீக்கடையில் கேட்பார். ஆரோவில்லிலிருந்து உப்பளத்தைப் படமெடுக்க வந்த பிரெஞ்சுக்காரரையும் வழிமறித்தார். "எங்கள் பக்கம் மூளை கலங்கியவனை, கூரையில் சிலந்தி உள்ளவன் என்போம்" என்று சொல்லிவிட்டு, அவர் சாரையே உற்றுப் பார்த்தார்.

"தேனீயோட இப்போ சிலந்தியும் சேர்ந்துடுச்சுப்பா" என்றார் சார், சந்தோஷமாக.

நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களையெல்லாம் தேனீயே விரட்டிவிட்டது. கடைசியாகக் கூனிமேடு பக்கத்தில் ஒரு தையல் டீச்சரைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. "இதுவும் தட்டிப்போனா இனிமே பொண்ணு தேட மாட்டேன்" என்று அவர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "அங்க வந்து தேனீன்னு வாயத் தொறக்கக் கூடாது சார்" என்று நானும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று காலை ஆபீஸ் வேப்பமரத்தில் பூவுக்கு வந்த தேனீ ஒன்றைப் பிடித்து, தன் வெள்ளைத் தொப்பிக்குள் விட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நிஜமாகவே வேறு நினைப்பு வராதா என்று பார்க்கணுமாம். கொட்டிவிட்டது. உப்பளத்து ஆட்களான நாங்கள் எதற்கும் உப்பைத்தான் வைப்போம். இவரும் ஒரு கை அள்ளி அப்பிக்கொண்டார். பெண் வீட்டில் போய் உட்கார்ந்தபோது ஒரு கண் மூடியிருந்தது, நெற்றியிலிருந்து உப்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு என்னங்க ஆச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

சார் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான்தான் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஜ்ஜித் தட்டு பாதி வழியில் நின்றது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாரின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற பெண் மட்டும் கேட்டாள்: "சரி, வேற நினைப்பு வந்துச்சாங்களா?"

ஊரையே கேட்டுக்கொண்டிருந்த மனிதரை ஒருவர் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் யோசித்தார்.

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சுங்க. நேரத்துக்கு உங்க வீட்டுக்கு வந்து சேரணுமேன்னு."

அவள் உள்ளே போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்தாள். அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

தேனீ தலையை விட்டுத் தொப்பிக்கு ஏன் போனது என்று சாருக்கு இன்னும் தெரியாது. நான் வேலை மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கிலீஷ் தெரிந்த யாரைப் பார்த்தாலும் அவருக்காக ஒரு தடவை கேட்டுவைக்கிறேன்.