காளான்காரரும் எங்கள் மூக்குகளும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே மூக்கு வேலை செய்யாமல், வாசனையை நம்பித் தொழில் செய்த ஒரே மனிதர் எங்கள் காளான்காரர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நான் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். அடுத்த கதவு அவருடையது. மில்லில் பிளீச்சிங் பகுதியில் இருபது வருஷம் நின்று, அந்த மருந்துக் காற்றில் அவருக்கு மூக்கு செத்துவிட்டது. பிறகு மில்லும் செத்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர் எங்கேயோ ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, "சார், மொட்டுக் காளான் போடப் போறேனுங்க" என்றார். வைக்கோல் போதுமே என்றேன். "அது சிப்பிக் காளானுங்க. இதுக்குக் குதிரைச் சாணி வேணுமுங்க."

அன்றிலிருந்து ஸ்டேஷன் பக்கம் நின்ற நாலைந்து குதிரை வண்டிகளுக்கும் நிம்மதி போயிற்று. இவர் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு குதிரைக்குப் பின்னாலேயே போவார். "பாய், நேத்து இதுக்கு என்ன தீனி போட்டீங்க? புழு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று விசாரிப்பார். வண்டிக்கார பாய், "அண்ணே, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

சேர்த்த சாணி நனையக்கூடாது. நனைந்தால் புளித்துப் போகுமாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் சாணியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் வாசலில் சாக்கைப் போர்த்திப் படுத்தார். மழை விட்டதும் பின்கட்டு ஓலைச் சாளையில் வைக்கோலும் சாணியும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடுப்பளவுக்குக் குவித்தார். மேலே மூடியது என்ன தெரியுமா? அவர் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் வாங்கிக் கொடுத்த பவானி ஜமுக்காளம்!

குவியல் உள்ளுக்குள் கொதிக்கும். ரெண்டு நாளைக்கு ஒருமுறை கிளறி, உள்ளே இருப்பதை வெளியே, வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். சூடு பார்க்க முழங்கை வரை கையை விடுவார். அந்தக் கையில் மட்டும் ஒரு முடி கிடையாது. கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடக்கும். அவரோ, "நமக்கு எவ்வளவு மரியாதை பாருங்க சார், தாராளமா எடம் உடறாங்க" என்பார்.

குவியலிலிருந்து அமோனியா என்று ஒரு நாற்றம் வரும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். அவர் மனைவி சரசக்காவுக்கு இளைப்பு நோய். நாலாம் நாளே மூச்சு வாங்கி, தாராபுரம் தாண்டித் தன் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது புருஷன் தொழிலைக் குறை சொல்லவில்லை. "நாத்தம் போனதும் ஒரு கார்டு போடுங்க, வாரேன்" என்றார், அவ்வளவுதான். இருபத்தைந்து நாளில் பக்குவம் வந்து நாற்றம் தானாகப் போய்விடும். போன பிறகுதான் காளான் விதையும் போட வேண்டும். ஆக, விதைக்கும் அதுதான் நாள், பெண்டாட்டி வருவதற்கும் அதுதான் நாள்.

அந்த நாளை மோந்து பார்த்தல்லவா கண்டுபிடிக்க வேண்டும்? அவரிடம் ஏது மூக்கு?

தினமும் காலையில் ஒரு பிடி சாணியோடு என் கதவைத் தட்டுவார். "ஏனுங்க சார், ஒரு மோப்பம் புடிச்சுச் சொல்லுங்க. நாத்தம் அடிக்குதுங்களா?"

நாறத்தான் செய்யும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் 'நாறுது' என்று சொல்ல வாய் வருமா? பதினைந்தாம் நாள் நான் சொன்னேன்: "பரவாயில்லீங்கண்ணா, கொறஞ்சிருக்குது." எங்கள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்கார அம்மா ஒரு படி மேலே போனார். முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோலப் பொத்திக்கொண்டு, "நாத்தமே இல்லீங்க தம்பி, திருநீறாட்டம் இருக்குது" என்றார். எங்கள் ஊர் மரியாதையை நான் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்த மரியாதை செய்த வேலையைக் கேளுங்கள்.

மனிதர் நம்பிவிட்டார். பதினெட்டாம் நாளே விதையைப் போட்டு, தாராபுரத்துக்குக் கார்டும் போட்டார். சரசக்கா அண்ணனோடு வந்து இறங்கினார். கையில் ஒரு தூக்குவாளி நிறைய எள்ளுருண்டை. வாசல்படி ஏறியதும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "நாத்தம் போயிருச்சுன்னு எழுதினீங்களே" என்று திக்கித் திக்கிக் கேட்டார்.

"எல்லாரும் இல்லைன்னாங்களே, அம்மணி..."

அரை மணி நேரத்தில் அண்ணன் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார். காளான்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நானும் வீட்டுக்கார அம்மாவும் தரையைப் பார்த்தோம். விதையும் அந்தக் காரத்தில் வெந்து, ஒரு பூஞ்சை இழைகூட ஓடாமல் கறுத்துப்போயிற்று.

மறுநாளே சாக்கோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், "சார், இனி எம்மேல எரக்கப்பட்டுப்போடாதீங்க. நாறுனா நாறுதுன்னு சொல்லிப்போடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ரெண்டாவது குவியல் மார்கழியில் ஏறியது. இந்த முறை உண்மையைச் சொன்னோம். "நாறுதுங்கண்ணா." "எந்தளவுக்குங்க?" "செத்த எலியாட்டமுங்க." "ரொம்பச் சந்தோசமுங்க!" வீட்டுக்கார அம்மா, "கொமட்டுதுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பரிகாரமாக ஒரு டம்ளர் காபி கொடுப்பார். தோட்டத்திலிருந்து வாரம் ஒரு கார்டு வரும். 'நாத்தம் எப்படி இருக்குது?' என்பதைத் தவிர அதில் வேறு விசேஷம் இருக்காது.

இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கார அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது. தோட்டத்தில் விடிகாலையில் இளைப்பு அதிகமாகி, டவுனுக்குக் கொண்டுபோக வண்டி கிடைப்பதற்குள் சரசக்கா போய்விட்டார்.

காளான்காரர் கட்டிய வேட்டியோடு பஸ் ஏறினார். அடுத்த நாள் குவியலைக் கிளற வேண்டிய நாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார், நான் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டேன். உள்ளதை வெளியே, வெளியே உள்ளதை உள்ளே. முதல் தடவையே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அக்கா கார்த்திகையிலேயே வீட்டுக்கு வந்திருப்பார், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்திருக்கும். இதை நினைத்துக்கொண்டேதான் இருவரும் கிளறினோம்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து, குவியலுக்குச் சரியாக இருபத்தைந்தாம் நாள் காலையில் திரும்பி வந்தார். பையைக்கூட இறக்கவில்லை, நேராகச் சாளைக்குப் போய்க் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

மோந்து பார்த்தேன். ஈர மண் வாசம். அவ்வளவுதான்.

"இல்லீங்கண்ணா. நெசமாலுமே இல்லீங்க."

வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினார். அவர் மோந்து பார்த்துவிட்டு, "இல்லீங்க தம்பி" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

காளான்காரர் அந்தப் பிடியை மூடிக்கொண்டு சாளையில் உட்கார்ந்தார். "இன்னிக்கு கார்டு போட்டிருப்பனுங்க" என்றார்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவரைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வராமல், சாயந்திரம் வரை அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே அவரோடு உட்கார்ந்திருந்தேன்.